24 வரி எதற்கு, ஒன்று போதுமே!

பாடசாலை இணையத்தளங்களைப் பராமரிக்கும் தம்பிமாரே, தங்கைமாரே!

தளத்தைப் புதுப்பித்ததும் பழைய வினாத்தாள் முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்ப வேண்டும். தரம் 6 முதல் 13 வரை, மூன்று மொழிமூலங்களுக்கும் தனித்தனியே எழுதினால் அப்பாச்சி சேர்வரில் 24 ரீரைட் விதிகள். ஒன்றில் ஓரெழுத்து பிழைத்தாலும், வட்ஸ்அப்பில் வந்த பழைய லிங்கை அழுத்தும் பிள்ளைக்குக் கிடைப்பது 404தான்.

அட்சரகணிதத்தில் மாறும் எண்ணுக்கு ஓர் எழுத்தை இடுகிறோமே, அதே வேலைதான் இங்கும். மாறும் பகுதிகளை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். முதலாவது $1 ஆகவும் இரண்டாவது $2 ஆகவும் புதிய முகவரியில் வந்து அமரும். 24 விதிகள் ஒன்றாகிவிடும்.

ஆனால் எதையும் ஏற்கும்படி திறந்து விடாதீர்கள். 6 முதல் 13 வரை என்றே எல்லை போடுங்கள். 301ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். முதலில் 302இல் சோதியுங்கள்.

நாளை உங்கள் இடத்துக்கு வருபவருக்கும் அது விளங்க வேண்டும். சுருக்குவது அதற்காகத்தான்.