பாதிரியார் இல்லாத சபையில் பொறுப்பு யாருக்கு?

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: பாதிரியார் கிடையாது, சம்பளத்துக்குப் போதகர் கிடையாது என்றால் அந்தச் சபையை யார்தான் நடத்துகிறார்கள்? தலைவர் இல்லாத இடத்தில் ஒழுங்கும் இருக்காது என்று நாம் எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம். பிரிட்டனில் குவேக்கர் கூட்டங்கள் (அவர்கள் தங்கள் சபைகளை அழைக்கும் பெயர்) 17ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் விதத்தை நிதானமாகப் பார்த்தால் அந்த முடிவு சரியல்ல என்று விளங்கும்.

உலகெங்கும் உள்ள குவேக்கர்கள் ஒரே மாதிரி வழிபடுவதில்லை. கென்யாவில் பெருந்திரளாக வாழும் குவேக்கர்களுக்குப் போதகர்கள் உண்டு. பாட்டும் பிரசங்கமும் உண்டு. பிரிட்டனில் நிலைத்திருப்பது மௌன வழிபாடு. ஞாயிறு காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். உள்ளே உந்துதல் எழுந்தால் யாரும் எழுந்து சில வார்த்தைகள் சொல்லலாம். கடவுளை அறிய இடையில் ஒரு குரு தேவையில்லை என்று குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் போதித்ததிலிருந்து வந்த முறை இது. குரு வேண்டாம் என்றார்களே தவிர, குரு பார்த்துவந்த வேலை எங்கும் போய்விடவில்லை. அதை உறுப்பினர்களே பங்குபோட்டுக்கொண்டார்கள்.

பங்குகள் இப்படிப் பிரிகின்றன. வழிபாடு நல்ல முறையில் நடக்கிறதா என்று கவனிப்பவர்கள் மூப்பர்கள். அடிக்கடி எழுந்து நீளமாகப் பேசுகிறவரைத் தனியே சந்தித்துப் பக்குவமாகச் சொல்வதும் அவர்கள் வேலை. நேரம் முடிந்ததும் இரண்டு மூப்பர்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள். உடனே மற்றவர்களும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்க, வழிபாடு நிறைவுறும். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, துக்க வீட்டுக்குத் துணை நிற்பது, புதிதாக வந்தவர் தனித்துப்போகாமல் பார்த்துக்கொள்வது வேறு சிலர் பொறுப்பு. கணக்குக்குப் பொருளாளர் இருக்கிறார். வாசலில் நின்று வரவேற்கவும், பிள்ளைகளைக் கவனிக்கவும், தேநீர் போடவும் ஆட்கள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குவேக்கர் திருமணங்களைப் பதிவுசெய்வதும் அவர்களே நியமிக்கும் பதிவு அலுவலர்தான். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்கு அளித்தபோதே அவர்கள் திருமண முறைக்குச் சட்டத்தில் தனி இடம் கிடைத்துவிட்டது.

நிர்வாகக் கூட்டத்தை நடத்துபவர் கிளார்க். வெளியிலிருந்து பார்த்தால் இவர்தான் தலைவர் என்று தோன்றும். ஆனால் அவர் தன் கருத்தை முன்தள்ளக் கூடாது. கூட்டத்தில் வாக்கெடுப்பும் கிடையாது. ஒருவர் பேசியபின் சற்று மௌனம், பிறகு இன்னொருவர். எல்லோர் மனமும் எந்தப் பக்கம் கூடிவருகிறது என்று கிளார்க் கவனிக்கிறார். பிறகு அங்கேயே, எல்லோரும் மௌனமாகக் காத்திருக்க, தீர்மானத்தை எழுதி உரக்கப் படிக்கிறார். 'இந்தச் சொல் வேண்டாம்', 'இது நாம் பேசியதைவிடக் கூடுதலாக இருக்கிறது' என்று யாரும் திருத்தம் சொல்லலாம். எல்லோரும் ஏற்றபின்தான் அது தீர்மானம். மனங்கள் கூடிவரவில்லையா, விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். இதனால் தாமதம் ஆகிறது, உண்மைதான். ஆனால் தோற்றுப்போன தரப்பு என்று ஒன்று உருவாவதில்லை. எழுதியதை எழுதிய இடத்திலேயே எல்லோரும் சரிபார்ப்பதால், 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்ற பின்னாள் சச்சரவுக்கும் இடம் குறைகிறது.

இந்தப் பொறுப்புகளுக்கு ஆள் வருவது எப்படி? யாரும் போட்டியிடுவதில்லை. பெயர்களைப் பரிந்துரைக்க ஒரு குழு இருக்கிறது. யாருக்கு எந்த வேலை பொருந்தும், யாருக்கு இப்போது ஓய்வு தேவை என்றெல்லாம் அது யோசித்து, உரியவரை அணுகிக் கேட்கிறது. அவர் மறுக்கலாம். சம்மதித்தால் பெயர் கூட்டத்தின் முன் வரும், நியமிப்பது கூட்டம்தான். பொறுப்புக் காலம் வழக்கமாக மூன்று ஆண்டுகள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவரே இருப்பது நல்லதல்ல என்பது பொது வழக்கம். நேற்று கிளார்க்காக இருந்தவர் நாளை தேநீர்க் கோப்பை கழுவுவார். அதை யாரும் இறக்கமாக நினைப்பதில்லை. அதிகாரம் ஒரே கையில் தங்கிவிடாமல் காப்பது இந்தச் சுழற்சிதான் என்பதே என் கருத்து. கூச்சத்தால் தானாக முன்வராதவருக்கும் தன்னால் இது முடியும் என்று தெரியவருவது யாரோ தேடிவந்து கேட்பதால்தான்.

நெருக்கடியும் இருக்கிறது. பல கூட்டங்களில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிறது. அறக்கட்டளைச் சட்டம், பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகள், கட்டடப் பராமரிப்பு என்று வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஒருவரே மூன்று பொறுப்பைச் சுமக்கும் நிலை வந்தால் பங்கீடு பெயரளவில்தான் இருக்கும். அதனால் சில கூட்டங்கள் கிளார்க் வேலையை ஒரு குழுவாகச் செய்கின்றன. சில, கணக்குக்கும் கட்டடத்துக்கும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கின்றன. இதைக் கொள்கைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். வழிபாட்டையும் ஒருவரையொருவர் கவனிப்பதையும் சம்பளத்துக்கு விடாதவரை அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

எத்தனை தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால், பரிந்துரைக் குழு அதை உள்ளபடியே கூட்டத்தில் சொல்லிவிடலாம். அப்போது கேள்வி எல்லோருக்கும் உரியதாகிறது: இந்த வேலை நமக்கு இன்னும் தேவைதானா? தேவையென்றால் அதற்காக எதை விடப்போகிறோம்? தயங்குகிற ஒருவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கிப் பதவியில் உட்காரவைப்பதைவிட இது நேர்மையானது. தன்னார்வலர்களை நம்பி நடக்கும் எந்த அமைப்பும் பொறுப்பைக் கொடுக்கும்போதே அதை இறக்கிவைக்கும் நாளையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாள் தெரிந்தால்தான் அடுத்தவர் துணிந்து ஏற்க முன்வருவார்.