ஆராய்ச்சியா? அர்ச்சனைச் சீட்டா?

சென்ற மாதம் பல்லடம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு பெண் நம்மைக் காண வந்திருந்தார். தகப்பனார் விசைத்தறி ஓட்டும் கூலிக்காரர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி மேலே போனவர் இந்தப் பெண் ஒருவரேயாவார். இப்பொழுது டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்கின்றார். தாம் எழுதிய வியாசம் அச்சில் வந்திருக்கின்றதென்று சந்தோஷத்தோடு ஒரு பத்திரிகையை நம்மிடம் நீட்டினார். வாங்கிப் புரட்டினோம். முதல் வியாசம் கொங்கு நாட்டின் கலாசாரப் புராதனச் சின்னங்களைப் பற்றியது. அடுத்தது இந்தப் பெண் எழுதிய ஆஸ்பத்திரி நிர்வாகம். அதற்கடுத்தது கம்பெனிச் சட்டம். அதற்கும் அப்பால் தேனீ வளர்ப்பு. எல்லாம் ஒரே அட்டைக்குள், ஒரே ஆசிரியர் குழுவின் பேரால், இங்கிலீஷில்.

"இதைப் படித்துப் பார்த்து, இது சரி, இது தப்பு என்று சொன்னவர் யார் அம்மா?" என்று கேட்டோம். "அப்படி யாரும் சொல்லலைங்க. பணம் கட்டின நாலாம் நாள் ஏத்துக்கிட்டோம்னு கடிதாசி வந்துருச்சுங்க" என்றார். எவ்வளவு என்று கேட்டதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார். தகப்பனாருக்கு அது எத்தனை நாள் கூலி என்று நாம் கேட்கவில்லை; கேட்க வேண்டிய அவசியமுமில்லை.

வாசகர்கள் கோவில் வாசலில் அர்ச்சனைச் சீட்டு விற்பதைப் பார்த்திருப்பார்கள். பணத்தை நீட்டினால் பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்பான். உள்ளே ஒருவர் முணுமுணுப்பார். சொல்கின்றவருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கின்றவருக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் சீட்டு கையிலிருப்பதால் காரியம் முடிந்ததாக இருவருக்கும் திருப்தி. இந்தப் பத்திரிகை வியாபாரமும் அதுவேதான். இங்கே நட்சத்திரத்துக்குப் பதில் காலேஜின் பேர், கோத்திரத்துக்குப் பதில் வழிகாட்டி ஆசிரியரின் பேர். வியாசத்தில் ஒரு வரியும் எழுதாத அந்த ஆசிரியர் பேர் முன்னே நிற்கும். இரவு பகல் கண் விழித்து எழுதிய பிள்ளையின் பேர் பின்னே நிற்கும். பட்டம் வாங்கும் நாளன்று காலில் விழ வேண்டியதும் உண்டாம். கையைக் கட்டிக் கொண்டு நிற்கக் கற்றுக் கொடுப்பதற்கு நமக்குப் பழைய குருகுலம் போதாதா, சர்வகலாசாலை வேறு வேண்டுமா?

இந்தச் சடங்கு எங்கிருந்து முளைத்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஒரு வியாசமாவது பத்திரிகையில் வந்திருக்க வேண்டுமென்று சர்வகலாசாலை மானியக் குழு 2009ஆம் வருஷத்தில் விதி செய்தது. 2010இல் உபாத்தியாயர்களின் உத்தியோக உயர்வுக்கும் வியாசக் கணக்கில் மார்க்குப் போடும் ஏற்பாடு வந்தது. எண்ணிக்கைக்கு மார்க்கு என்றால் எண்ணிக்கை பெருகாமல் வேறென்ன பெருகும்? முட்டைக்கு இவ்வளவு காசு என்று சொல்லிவிட்டால் கூழாங்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசிக் கொண்டு வருகிறவனும் வருவான் அல்லவா?

மானியக் குழு அங்கீகரித்த பட்டியலை 2018இல் புனா சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் பரிசோதித்தார்கள். சர்வகலாசாலைகளின் சிபாரிசின் பேரில் மட்டும் பட்டியலில் நுழைந்த பத்திரிகைகளில் நூற்றுக்கு 88க்கு மேல் தரமற்றவையாயிருக்கலாம் என்று வெளியிட்டார்கள். அதே வருஷம் மே மாதத்தில் மானியக் குழு 4,305 பத்திரிகைகளைப் பட்டியலிலிருந்து தள்ளிற்று. பிறகு வேறொரு பட்டியல் செய்தது. அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஆய்வேட்டுக்கு முன் வியாசம் கட்டாயம் என்ற விதியே 2022 நவம்பரில் எடுபட்டுப் போயிற்று. விதி போயிற்றே யொழிய சடங்கு போகவில்லை. 'நம் காலேஜில் கேட்பார்கள்', 'உத்தியோகத்துக்குப் போனால் கேட்பார்கள்' என்ற பயம் இருக்கின்ற வரையில் சீட்டு விற்பனைக்குக் குறைவிருக்காது.

இது நம் நாட்டுப் பித்தலாட்டம் மட்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2013இல் ஜான் போஹானன் என்பவர் வேண்டுமென்றே பெருந்தப்புகளை வைத்து ஒரு பொய் வியாசம் ஜோடித்து, காசு வாங்கி அச்சிடும் 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக் கொண்டன. உலகமெல்லாம் இந்தக் கடை உண்டு.

நிற்க. புராதனச் சின்னத்தையும் ஆஸ்பத்திரியையும் கம்பெனிச் சட்டத்தையும் ஒன்றாகக் கட்டியதுதான் குற்றம் என்று நாம் சொல்வதாக யாராவது அர்த்தம் செய்து கொண்டால் அது தவறு. கோவையில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலை ஒருவரும் ஆராயாததுதான் குற்றம்.

கோவைப் பட்டணத்தில் பிளேக் மாரியம்மன் கோவில் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். சென்ற நூற்றாண்டின் துவக்கத்தில் பிளேக் வந்து வீடு வீடாக ஜனங்கள் மாண்டபோது உண்டான பயத்தின் சின்னம் அது. ஆனால் அதற்கு முன்னதாகவே, 1894இல் ஹாங்காங்கில் எர்சின் என்பவர் பிளேக் கிருமியைக் கண்டு பிடித்துவிட்டார். எலியின் மேலுள்ள தெள்ளு அதைப் பரப்புகிறதென்று 1898இல் கராச்சியில் சைமாண்ட் என்பவர் பரீட்சை செய்து காட்டினார். அவரைப் பல வருஷ காலம் பண்டிதர்களே நம்பவில்லை என்பது வேறு விஷயம். இவ்வளவுக்குப் பிறகும், 2021 மே மாதத்தில் இருகூர்ப் பக்கம் 'கொரோனா தேவி' என்று ஒரு சிலை வைத்துப் பூசை நடந்ததே! நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வியாதி வந்தால் சாமி பிறக்கிறதென்றால் அது ஆராய வேண்டிய விஷயமல்லவா? இதைப் 'பாரம்பரிய நம்பிக்கை' என்று இரண்டு வார்த்தையில் புகழ்ந்து முடித்துவிடுவதும் ஆராய்ச்சியாகாது. கோவிலை இடி என்பதும் ஆராய்ச்சியாகாது. எந்தத் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள், முனிசிபாலிட்டி எந்த வருஷம் என்ன செய்தது, எலியைப் பிடித்த பிறகு சாவு குறைந்ததா, பூசைக்குப் பிறகு குறைந்ததா என்று தஸ்தாவேஜைப் புரட்டிக் கணக்கெடுத்தால் அது ஆராய்ச்சி.

கொடுமணலைப் பாருங்கள். நொய்யல் கரையில், இன்றைய ஈரோடு ஜில்லாவில் இருக்கின்ற சிற்றூர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்பார்கள். 1980களிலிருந்து அங்கே தோண்டியதில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், கல்மணி அறுத்த பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. வீட்டுப் பானையில் பேர் எழுதி வைத்தவர் யார்? அரசனா, புரோகிதனா? உலையிலும் பட்டறையிலும் வேலை செய்தவர்கள் குடியிருந்த ஊர் அது. எழுத்து ஒரு சிறு கூட்டத்தின் சொத்தாக மட்டும் அன்றைக்கு இருக்கவில்லை என்று சந்தேகிக்க அந்த ஓடுகளே இடம் கொடுக்கின்றன. அப்படியானால் அந்த எழுத்தை அந்த ஜனங்களின் சந்ததிகளிடமிருந்து பிடுங்கியது எப்போது, எப்படி? நமது கலாசாரப் பெருமை பேசும் வியாசங்களில் இந்தக் கேள்வியைக் காணோம். 'நம் முன்னோர் மகா மேதாவிகள்' என்று எழுதிவிட்டுச் சீட்டு வாங்கிக் கொள்ளுகிறார்கள்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கின்றது. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினோரு படுக்கையோடு துவக்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கோவையில் 1997 முதல் ஒரு கிளை உண்டு. அவர் அரவிந்தரின் பக்தர். அது அவருடைய சொந்த விஷயம். ஆனால் கண் புரையை அவர் மந்திரத்தால் எடுக்கவில்லை, கணக்கால் எடுத்தார். ஒரு மேஜையில் ஆப்பரேஷன் முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக வேண்டும், டாக்டர் அல்லாதவர் செய்யக் கூடிய வேலையை டாக்டர் செய்யக் கூடாது, அதற்குக் கிராமத்துப் பெண்களையே பழக்க வேண்டும் என்று நிமிஷத்தை எண்ணினார்கள். அந்நிய நாட்டு லென்சின் விலை ஏழைக்கு எட்டாதென்று கண்டு 1992இல் தாங்களே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். காசில்லாதவருக்கு இனாமாகச் செய்தும் கடையை மூடாமல் நடத்த முடியுமா என்ற கேள்வியோடு துவங்கி, விடையைக் கண்ணுக்கு முன் காட்டினார்கள். நம் பெண் செய்ததென்ன? 120 நோயாளிகளிடம் 'ஆஸ்பத்திரி திருப்தியா' என்று தாள் கொடுத்து நிரப்பி வாங்கினார். படுக்கையில் கிடக்கிறவர் அங்கேயே திருப்தியில்லை என்று எழுதுவாரா என்று கேட்டோம். சிரித்துவிட்டார். அப்படிச் செய்யச் சொன்னது அவருக்கு மேலே இருக்கின்றவர்கள்.

இனிக் கம்பெனிச் சட்டத்துக்கு வருவோம். 2013ஆம் வருஷத்திய கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயுள்ள கம்பெனி, முந்திய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். எந்தக் காரியமென்று ஏழாவது அட்டவணை சொல்லுகிறது. வியாதி வராமல் தடுக்கும் சுகாதாரம் முதல் இலக்கத்திலேயே வருகின்றது; புராதனச் சின்னங்களைப் பாதுகாப்பது ஐந்தாவது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமென்றும் சட்டத்தில் இருக்கின்றது. பார்த்தீர்களா, அந்தப் பத்திரிகையில் தனித்தனியே கிடந்த மூன்றும் சட்டப் புஸ்தகத்தில் ஒரே பிரிவின் கீழ் கூடியிருக்கின்றன! செலவுக் கணக்கைக் கம்பெனி தன் வருஷ அறிக்கையில் காட்டியாக வேண்டும். ஆகவே எந்த ஆலை எந்த ஊரில் எதற்குக் கொடுத்தது, எவ்வளவு சுகாதாரத்துக்குப் போயிற்று என்று கண்டு பிடிக்க ஒருவர் காலிலும் விழ வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தன் தொழிலாளிகளுக்கு மட்டும் செய்கின்ற உதவியைக் கம்பெனி இந்தக் கணக்கில் எழுத முடியாது. அது நியாயமே, தன் தொழிலாளியின் சுகம் கம்பெனிக்குக் கடமையே யொழிய தர்மமல்ல. ஆனால் பழைய தொழிலாளி எந்தக் கணக்கில் வருகின்றான்?

கோவையில் முதல் நூல் ஆலை 1888இல் ஏற்பட்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. புளோரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வருகின்ற நெஞ்சு வியாதிக்குப் பிசினோசிஸ் என்று பேர். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சை இறுக்கும். பிறகு வருஷக்கணக்கில் முற்றி எல்லா நாளும் மூச்சு வாங்கும். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம் பெற்ற வியாதி இது. தொழிலாளர் காப்பீட்டு வைத்தியத் திட்டம் நம் மாகாணத்தில் 1955இல் முதலில் வந்ததும் கோவைக்குத்தான். வேலையிலிருக்கும் வரை அந்தச் சீட்டு உண்டு. ஆலை மூடிப் போய், ஆள் தறிக்கூடத்துக்குக் கூலியாகப் போய்விட்டால் அவன் நெஞ்சில் தங்கிய தூசிக்கு யார் பொறுப்பு? அந்தத் தறிக்கூடமோ 500 கோடி மதிப்புள்ள கம்பெனியுமல்ல, பல இடங்களில் கம்பெனியேயல்ல.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிக் கொண்டிருந்தபோது அவர் முகம் மாறியது. தகப்பனார் இருபது வருஷம் நூல் மில்லில் கார்டிங்கில் இருந்துவிட்டு, மில் மூடிய பிறகுதான் தறிக்கு வந்தாராம். "நெஞ்சு இறுகுமா என்று கேட்டிருக்கிறாயா அம்மா?" என்றோம். கேட்டதில்லை என்றார். முந்நூறு பக்கத்து ஆய்வேட்டில் ஒரு பக்கமும் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கும்படி அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார். தெருவில் பழைய மில்காரர்கள் பதினேழு பேர் இருக்கிறார்களாம். ஒவ்வொருவரையும் எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருஷம், எப்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று தமிழில் கேட்டு நோட்டில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். "அப்பாவுக்கு மில்லுல இருந்தப்பவே திங்கக்கெழமையானா முடியாதுங்க. சோம்பேறித்தனம்னு அம்மா வையும்ங்க" என்றார்.