‘சவுத் படம்’ என்பது எந்த மொழி?

மும்பையில் பெரிய நடிகரின் தமிழ்ப் படம் வெளியாகும்போதெல்லாம் ரசிகர்களிடையே ஒரு வாதம் கிளம்பிவிடுகிறது. மின்சார ரயிலிலும், டீக்கடையிலும், ஆபீஸ் கேன்டீனிலும் அது தொடர்கிறது. “இது மசாலாப் படமா, கலைப்படமா?” என்கிறார் ஒருவர். “தமிழ்நாட்டோடு நின்றுவிடும் படமா, பான் இந்தியா படமா?” என்கிறார் மற்றொருவர். “என்ன இருந்தாலும் இந்திப் படம்தானே தேசியப் படம்? மற்றவை மாநிலப் படங்கள்தானே?” என்று முடிக்கிறார் மூன்றாமவர்.

ரசிகர்கள் வாதாடுவதில் தவறில்லை. நாள் முழுவதும் உழைத்து, கைக்காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால், வியாபாரிகள் ஒட்டிவிடும் பெயர்களை அப்படியே வாங்கிக்கொண்டு அந்தப் பெயர்களுக்காகச் சண்டையிடுவதுதான் வேதனைக்குரியது.

மசாலா, கலை என்ற பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும்? மும்பைத் தமிழர் ஒருவரின் வாழ்க்கையைக் கதையாகக் கொண்டு 1987-இல் வந்தது ‘நாயகன்’. திரையரங்குகளில் கூட்டமும் சேர்த்தது. கமல்ஹாசனுக்குத் தேசிய விருதும் பெற்றுத் தந்தது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. அதை எந்தப் பெட்டியில் போடுவது? நல்ல படம் எந்தப் பெட்டிக்கும் அடங்காது.

வகைப் பெயரால் பெரிய தீங்கு இல்லை. மொழியின் பெயரை மறைப்பதில்தான் தீங்கு இருக்கிறது.

‘சவுத் படம்’ என்ற பெயரைப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிப் படங்களும் இந்தியில் குரல் மாற்றப்பட்டுத் தொலைக்காட்சியில் வருகின்றன. பல படங்களுக்குத் தலைப்பும் மாறிவிடுகிறது. நான்கிற்கும் ஒரே பெயர்: ‘சவுத் படம்’. இதனால் நம் நடிகர்களின் முகம் வட மாநிலக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது உண்மை. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மும்பையில் பிறந்து, இந்தியும் மராத்தியும் பேசி வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் நிலை என்ன? தன் தாய்மொழியில் எடுத்த படத்தை முழுவதும் பார்த்துவிட்டு, அது தன் மொழிப் படம் என்று தெரியாமலே எழுந்து போகிறது. இந்த இழப்பை எந்த வசூல் கணக்கும் ஈடு செய்யாது.

‘பான் இந்தியா’ என்பதும் ஏதோ புதிய கண்டுபிடிப்பு அல்ல. எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ 1948-இல் தமிழில் வந்து, அதே ஆண்டில் இந்தியிலும் வெளியாகி வெற்றி கண்டது. பாலசந்தர் தெலுங்கில் எடுத்த ‘மரோசரித்ரா’ 1978-இல் வந்தபோது, சென்னைவாசிகள் அதைத் தெலுங்கிலேயே ஓராண்டுக்கு மேல் ஓட வைத்தார்கள். அதே கதை 1981-இல் ‘ஏக் துஜே கே லியே’ என்று இந்திக்குப் போயிற்று. அன்று எந்தப் படம் எந்த மொழியிலிருந்து வந்தது என்பது மறைக்கப்படவில்லை.

ரயில் பார்சலில் ஒட்டும் சீட்டில் சேரும் ஊரும் இருக்கும், புறப்பட்ட ஊரும் இருக்கும். ‘பான் இந்தியா’ என்ற சீட்டிலோ சேரும் ஊர் மட்டுமே இருக்கிறது. புறப்பட்ட ஊர் இல்லாததன் விளைவை உலகமே பார்த்தது. 2023-இல் ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் பாடல் ஆஸ்கார் பரிசு வென்றது. வெளிநாட்டில் பலர் அதைப் பாலிவுட் படம் என்றே எழுதினார்கள். இது பாலிவுட் படம் அல்ல, தென்னிந்தியாவிலிருந்து வந்த தெலுங்குப் படம் என்று இயக்குநர் ராஜமவுலியே அமெரிக்காவில் விளக்க வேண்டியதாயிற்று.

இந்தி மட்டுமே தேசியம் என்பதும் சரித்திரத்துக்கு ஒவ்வாது. நாட்டின் சிறந்த படத்துக்கான பரிசு 1954-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றது ‘ஷ்யாம்சி ஆயி’ என்ற மராத்திப் படம். பின்னர் வங்காளத்தின் ‘பதேர் பாஞ்சாலி’, மலையாளத்தின் ‘செம்மீன்’, கன்னடத்தின் ‘சம்ஸ்காரா’ ஆகியவை அந்தப் பெருமையைப் பெற்றன. 1990-ஆம் ஆண்டுக்கான விருதில் சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ மூலம் தமிழுக்கும் அது கிட்டியது. ஆனாலும் 1980-களில் தூர்தர்ஷன், இந்திப் படத்துக்கு வார இறுதியின் மாலை நேரத்தைக் கொடுத்தது. மற்ற மொழிகள் எல்லாம் ஞாயிறு பிற்பகல் ‘மாநில மொழிப் படம்’ என்ற ஒரே வரிசையில் முறை வைத்துக் காத்திருந்தன. வெளி மாநிலத் தமிழர் தம் மொழியின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

மும்பைத் தமிழர் பெருமைப்பட இன்னொரு செய்தியும் உண்டு. 1931-இல் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிதான், அதே ஆண்டில் ‘காளிதாஸ்’ படத்தையும் எடுத்தது. தமிழின் முதல் பேசும் படம் பம்பாயில் பிறந்தது! டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். இதைவிடப் பெரிய தேசிய சினிமா எது?

பிறரைக் கேள்வி கேட்கும் ரசிகர்கள் தங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இருபது, முப்பது ஆண்டுகளாக மும்பையில் வாழ்ந்தும், ஒரு மராத்திப் படமாவது பார்த்தவர் எத்தனை பேர்? இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதா சாகேப் பால்கே பிறந்த மண் இது. ‘ஷ்வாஸ்’, ‘சைராட்’ போன்ற படங்களைத் தந்த மொழி இது. அதையெல்லாம் ‘வடக்கத்திப் படம்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, ‘சவுத் படம்’ என்று பிறர் சொன்னால் மட்டும் கோபிப்பது நியாயமாகுமா?

செய்ய வேண்டியவை சிலவே. குரல் மாற்றிய படத்தின் விளம்பரத்திலும், படத்தின் தொடக்கத்திலும் மூல மொழியின் பெயரைத் தெளிவாகப் போட வேண்டும். வெளி மாநிலத் திரையரங்குகள், இந்திக் குரலில் பல காட்சிகள் போடும்போது, மூல மொழியிலும் வேலை முடிந்து வருகிறவர்கள் பார்க்கக்கூடிய நேரத்தில் ஒரு காட்சியாவது தர வேண்டும். அடியில் எழுத்துகள் போட்டால் அண்டை வீட்டு மராத்தியரும் உடன் வருவார்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் ‘சவுத் படம்’ ஓடும்போது, “இது நம் தமிழில் எடுத்தது” என்றோ, “இது தெலுங்குப் படம்” என்றோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குக் காசும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

எல்லா மொழிகளும் சேர்ந்ததுதான் தேசியம். அவரவர் மொழிக்கு அதனதன் பெயரைச் சொல்வதில் தேசியம் குறைந்துவிடாது.