பரணில் கிடக்கும் விமானம்

இங்கிலாந்தில் அறுபது வயதைத் தாண்டிய பலருடைய வீட்டுப் பரணில் ஒரு சிறு பெட்டி கிடக்கும். அட்டையின் நிறம் மங்கியிருக்கும். மூலைகள் கிழிந்திருக்கும். மேலே, பீரங்கிப் புகைக்கு நடுவே சீறிப் பாயும் ஓர் ஆகாய விமானத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். பாதி ஒட்டியது, பாதி ஒட்டாதது. பள்ளிக்கூட நாளில் தொடங்கிய வேலை அது. பரீட்சை வந்தது, உத்தியோகம் வந்தது, கல்யாணம் வந்தது. விமானம் மட்டும் முடியவில்லை.

இப்போது அந்தப் பெட்டியை என்ன செய்வது? குப்பையில் போடுவதா? பழம்பொருள் சேர்ப்பவரிடம் விற்பதா? உட்கார்ந்து முடிப்பதா?

முடிப்பதே சரி. அதிலும், பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டி முடிப்பது போதாது. பெட்டியில் இல்லாததைக் கையால் செய்து சேர்க்க வேண்டும். "ஒரு பொம்மைக்கு இத்தனை பாடா?" என்று சிலர் கேட்கலாம். இது பொம்மையாக மட்டும் இருந்த காலம் குறைவு.

ஓர் அங்குலத்தில் ஆறு அடி

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் விமானப் பெட்டி 1936-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 'ஃபிராக்' என்ற பெயரில் பறக்கும் பொம்மை விமானங்களை விற்று வந்தவர்கள், பறக்காத இந்த விமானங்களுக்கு 'பெங்குவின்' என்று பெயர் வைத்தார்கள். பெங்குவின் பறக்காத பறவை அல்லவா? பொருத்தமான பெயர்தான்!

அந்த விமானங்கள் நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு உள்ளவை. அதென்ன 72 என்று திகைக்க வேண்டாம். ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆகவே, ஆறு அடி உயர மனிதன் இந்தக் கணக்கில் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாம் உலகப் போரில் இந்த அளவுக்குப் பெரிய வேலை வந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. மரத்தில் செதுக்கி, கறுப்பு வர்ணம் பூசித் தர வேண்டும். எதற்காக? 72-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 2,520 அடி தூரத்தில் பார்ப்பது போல இருக்கும். அது ஏறக்குறைய அரை மைல். வானத்தில் வருவது நம்மவனா, பகைவனா என்று பீரங்கிக்காரன் நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். இறக்கையின் வளைவைத் தவறாகச் செதுக்கிய மாதிரியைப் பார்த்துப் பழகியவன், தன் தோழனையே சுட்டு வீழ்த்திவிடுவான். பிள்ளைகளின் கைவேலையில் மயிரிழைப் பிசகும் கூடாது என்று கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

போருக்குப் பிறகு மரம் போய் பிளாஸ்டிக் வந்தது. இங்கிலாந்தில் 'ஏர்ஃபிக்ஸ்' கம்பெனியை 1939-ல் தொடங்கியவர், ஹங்கேரியில் பிறந்த நிக்கலஸ் கோவ். காற்றடைத்த ரப்பர் பொம்மைகளும், தலை வாரும் சீப்புகளும் செய்து வந்த கம்பெனி அது. 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பலின் சிறு மாதிரியை, ஒரு பையில் போட்டு, 2 ஷில்லிங் விலையில் உல்வொர்த் கடைகள் மூலம் விற்றது. அந்தப் பத்தாண்டிலேயே ஸ்பிட்ஃபயர் போர் விமானமும் வந்தது. ஏழைப் பையனும் வாரக் காசைச் சேர்த்து வைத்து வாங்கினான்.

மலிவாக வந்ததில் குறைகளும் இருந்தன. குறைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பட்டாணிப் பருப்பும் ரிவெட் ஆணியும்

அந்தக் காலத்துப் பெட்டி விமானங்கள் பலவற்றில் உடம்பெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அவை ரிவெட் ஆணிகளாம்! மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 72 மில்லிமீட்டர். அப்படியானால், கடுகளவு தெரியும் அந்த ஆணித் தலை, நிஜ விமானத்தில் காபி டம்ளரின் வாய் அகலத்துக்கு இருக்க வேண்டும்.

நிஜ ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்கள் ஆணித் தலை விஷயத்தில் எவ்வளவு கவலைப்பட்டார்கள் தெரியுமா? தகட்டோடு தகடாகப் பதிந்திருக்கும் ஆணிகளை அடிப்பதற்குச் செலவு அதிகம். எல்லா இடத்திலும் அவை அவசியந்தானா என்று பார்க்க, பதிந்த ஆணிகளின் மேல் பிளந்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு வரிசை வரிசையாகப் பருப்பை எடுத்துவிட்டுப் பறந்து, எங்கே வழவழப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்டவர், பழைய மாதிரியின் இறக்கையை உப்புத்தாளால் தேய்க்கும்போது வெறும் பிளாஸ்டிக்கையா தேய்க்கிறார்?

உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். தூசி மூக்கில் ஏறாது. தகடுகள் சேரும் கோடுகளை ஊசி முனையால் கீறிக்கொள்ளலாம். பிளவுகளுக்கு மக்கு வைக்கலாம். மிச்சப் பிளாஸ்டிக்கைப் பசையில் ஊறவைத்துக் குழைத்தால் அதுவே மக்கு.

தேய்ப்பதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. முதல் ரக ஸ்பிட்ஃபயரைக் கவிழ்த்துப் பார்த்தால், வலது இறக்கையின் அடியில் பெரிய ரேடியேட்டர் இருக்கும். இடது இறக்கையின் அடியில் ஒடுங்கிய எண்ணெய்க் குளிர்விப்பான்தான் இருக்கும். இரண்டும் ஒன்றுபோல் இரா. கம்பெனிக்காரன் தவறு செய்துவிட்டான் என்று நினைத்து, இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கினால் விமானம் கெட்டது! பின்னால் வந்த ஒன்பதாம் ரகத்தில்தான் இரு பக்கமும் ரேடியேட்டர்கள் ஒத்திருந்தன. குறை எது, நிஜம் எது என்று தெரிவதற்கு முன் கத்தியை எடுக்கக் கூடாது. புத்தகத்தையும் புகைப்படத்தையும் பார்க்க வேண்டும். அருகில் அருங்காட்சியகம் இருந்தால் போய்ப் பார்க்க வேண்டும். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில், 1940-ல் போரிட்ட முதல் ரக ஸ்பிட்ஃபயர் ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும்.

செய்வதற்கு வேண்டிய பொருள்கள் அற்பமானவை. மெல்லிய பிளாஸ்டிக் தகடு, கூரிய கத்தி, சிறிய அரம், சாமணம். துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தைப் பலர் எறிந்துவிடுகிறார்கள். எறியக் கூடாது. அதில் ஒரு குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே உருட்டிக் காட்டி, இளகியதும் சுடரை விட்டு விலக்கி, இரு பக்கமும் இழுத்தால், பாகு கம்பியாக நீள்வது போல நீளும். மெதுவாக இழுத்தால் கம்பி. வேகமாக இழுத்தால் தலைமயிர். வானொலிக்கு உரிய கம்பி அதுதான். (கத்தி, சுடர், பசை மூன்றும் சேர்ந்த வேலை. சிறு பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் தொடக் கூடாது. பசையின் நெடி கெடுதல்; ஜன்னல் திறந்திருக்கட்டும்.)

பழைய கண்ணாடி மூடி மஞ்சளாகிப் போயிருந்தால், அதையும் புதிதாகச் செய்யலாம். மூடியின் வடிவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். ஒரு பலகையில் அதே அளவுக்குச் சற்றுப் பெரிய துளை போட்டு, அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் பொருத்திச் சூடு காட்ட வேண்டும். தாள் துவண்டதும் மர அச்சை அதற்குள் அழுத்தினால் மூடி வந்துவிடும். முதல் மூன்று கோணலாகத்தான் வரும். நாலாவது சரியாக வரலாம்.

காலியாக இருந்த அறை

பழைய பெட்டிகளின் பெருங்குறை வேறு. விமானி அறைக்குள் ஒன்றுமே இராது. வெறும் பொந்து. ஒரு மனித உருவத்தை இரண்டு முளைகளின் மேல் ஒட்டிவிட்டால் விமானி தயார். அவனுக்கு ஆசனம் இல்லை. காலுக்குத் தரை இல்லை. கையில் பிடியும் இல்லை.

பழைய பெட்டியைத் திருத்துபவர் முதலில் செய்ய வேண்டியது இந்த அறையைத்தான். தகட்டை வெட்டித் தரை போட வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு துண்டை வளைத்து ஆசனம் செய்ய வேண்டும். ஸ்பிட்ஃபயரின் பிடி, நுனியில் வளையம் கொண்டது. இழுத்த கம்பியை ஓர் ஊசியில் சுற்றினால் வளையம் கிடைக்கும். காலால் மிதிக்கும் மிதிகள் இரண்டு தட்டாக இருக்கும். வேகமாகத் திரும்பும்போது இரத்தம் தலையை விட்டுக் கீழே இறங்கி விமானிக்குக் கண் இருட்டும். கால்களை மேல் மிதிக்கு உயர்த்திக்கொண்டால் சற்றுத் தாங்கலாம். இடப் பக்கம் ஒரு சிறு கதவு. கதவின் உட்புறத்தில் ஒரு கடப்பாரை மாட்டியிருக்கும். மூடி நெரிந்து சிக்கிக்கொண்டால் நெம்பித் திறந்து வெளியே குதிப்பதற்கு!

அந்தக் கடப்பாரையைச் சாமணத்தில் பிடித்து ஒட்டும்போதுதான், அந்த அறை எவ்வளவு குறுகியது என்பது மனத்தில் உறைக்கிறது. 1940-ல் இங்கிலாந்து வானில் நடந்த போரில், அந்நாட்டுப் பக்கம் ஏறக்குறைய 3,000 பேர் பறந்தார்கள். 544 பேர் மாண்டார்கள். இருபது வயது நிரம்பாதவர்களும் அவர்களில் உண்டு. பெட்டியின் மேலட்டைப் படம் இதைச் சொல்வதில்லை. அதில் விமானம் சீறிப் பாய்வதுதான் தெரியும்.

இப்போது கடையில் கிடைக்கும் புதிய பெட்டிகளில் ஆசனமும் மிதியும் கதவும் அச்சில் வார்த்தே வருகின்றன. பழைய பெட்டிகளுக்கென்று பித்தளைத் தகட்டிலும் பிசினிலும் செய்த உறுப்புகளைத் தனியே விற்கிறார்கள். சில சமயம் பெட்டியின் விலையை விட உறுப்பின் விலை அதிகம்! கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் அவற்றை வாங்கினால் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி ஒட்டுவார்களானால், அந்த மிதி ஏன் இரண்டு தட்டு என்று கேட்கும் சந்தர்ப்பமே அவர்களுக்கு வராது. பிரிக்காத பெட்டிகளை அலமாரியில் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களும் உண்டு. அது வியாபாரம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எந்த எழுத்துகளைத் தீட்டுவது என்ற கேள்வி கடைசியில் வரும். நீரில் நனைத்து ஒட்டும் பழைய படங்கள் பெரும்பாலும் நொறுங்கிப் போயிருக்கும். அதுவும் நல்லதுதான், விருப்பம் போலத் தேர்ந்தெடுக்கலாம். தமிழர்கள் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. சென்னை மாகாணம் போர் நிதி அளித்ததை ஒட்டி, பிரிட்டிஷ் விமானப் படையின் 234-ம் பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1940-ல் அந்தப் பிரிவு தென் இங்கிலாந்திலிருந்து ஸ்பிட்ஃபயர்களில் பறந்தது. அதன் எழுத்துகள் 'ஏ', 'இஸட்'. மெல்லிய தூரிகை இருந்தால் கையாலேயே எழுதிவிடலாம்.

இறக்கையின் முன் விளிம்பில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் துளைகள். குளிரும் ஈரமும் புகாதபடி அவற்றின் மேல் சிவப்புத் துணித் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். சுடும்போது குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும். திரும்பி வரும் விமானத்தில் துணி கிழிந்திருந்தால், மேலே சண்டை நடந்தது என்று தரையில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். மாதிரி செய்பவர் சிவப்புக் காகிதத்தை முழுதாக ஒட்டுவதா, கிழித்து ஒட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும். கண்ணாடி மூடியை மட்டும் மூடி ஒட்டிவிடக் கூடாது. செய்ததெல்லாம் உள்ளே மறைந்துவிடும். மெல்லிய வாளால் அறுத்துப் பின்னால் தள்ளி வைத்து, சிறு கதவையும் கீழே இறக்கி வைத்தால், நெல்மணி அளவுக் கடப்பாரை கண்ணுக்குத் தெரியும்.