அனுமதிப்பத்திரம் யாருக்கு?
மின்னுயர்த்தித் தொழிலும் சட்டமும் பற்றிய ஒரு விமரிசனம்

நகர வாழ்வில் மனிதன் தன் உயிரைப் பிறர் கையில் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததையே உணராது நிற்கும் இடங்கள் சில உள. மின்னுயர்த்தி அவற்றுள் ஒன்று. பேரூந்தில் ஏறுபவன் சாரதியைக் காண்கிறான். சத்திரசிகிச்சைக்கு உட்படுபவன் வைத்தியரின் பெயரையேனும் அறிவான். மின்னுயர்த்தியுட் புகுபவனோ அதனை நிறுவியவர் யார், பழுதுபார்த்தவர் யார், பரிசோதித்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடையறியான். அவன் சார்பில் அவ்வினாக்களை எழுப்பவேண்டிய பொறுப்பு அரசினுடையது. அனுமதிப்பத்திரமும் வேலை உத்தரவும் காலாந்தரப் பரிசோதனையும் அதன் பொருட்டே தோன்றின. ஆயின் அரசுகள் இப்பொறுப்பை அரைகுறையாகவே நிறைவேற்றி வந்துள்ளன. உலகின் உயர்மாடி நகரங்களுள் முதன்மையானதாகிய நியூயோர்க்கின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

பயணிகள் மின்னுயர்த்தியின் வரலாறு அந்நகரிலேயே தொடங்குகின்றது எனலாம். 1854 ஆம் ஆண்டில் எலிசா ஓட்டிஸ் என்பார் அங்கு நடைபெற்ற கண்காட்சியொன்றில் தாமே ஒரு மேடைமீது நின்று, அதனைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்து, மேடை வீழாது நிற்பதை மக்களுக்குக் காட்டினார். 1857 இல் புரோட்வே வீதியின் வணிகக் கட்டடமொன்றில் அவரது நிறுவனத்தின் பயணிகள் உயர்த்தி இயங்கத் தொடங்கிற்று. கயிறு அறுந்தால் என்ன செய்வது என்னும் அச்சம் அன்றே பெருமளவு தீர்ந்தது. இன்றைய உயர்த்தியில் கயிறுகள் பல. அவை அனைத்தும் அறுந்தாலும் வேகக் கட்டுப்படுத்தி தூண்டப்பட்டு, கூண்டின் பற்றுறுப்புகள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

ஆயினும் பொதுமக்களின் அச்சம் இன்னும் கயிற்றிலேயே தங்கியுள்ளது. உண்மையான அபாயம் இருக்குமிடம் வேறு. கதவு திறந்திருக்கையில் கூண்டு நகர்வதே அது. கூண்டையும் அதன் முழுப் பாரத்தில் ஏறக்குறைய அரைப்பங்கையும் ஈடுசெய்யுமாறு மறுமுனையில் எதிர்நிறை தொங்குகின்றது. ஆகவே ஓரிருவர் மட்டும் உள்ளே நிற்கையில் எதிர்நிறையே கூண்டைவிடப் பாரமானது. அவ்வேளை பிறேக் தளர்ந்தால் கூண்டு கீழே வீழ்வதில்லை; மேலே பாய்கின்றது. வாயிலில் ஒரு காலை வைத்தவர் அக்கணமே கூண்டுக்கும் சுவருக்கும் இடையே அகப்படுகின்றார். இதனைத் தடுப்பன இரண்டு: ஒன்று பிறேக், மற்றது, கதவு மூடாதவரை இயந்திரத்துக்கு மின்னோட்டம் செல்லாது காக்கும் கதவுப் பூட்டுச் சுற்று. இவ்விரண்டும் தேய்வுக்கும் மனிதக் கைக்கும் உட்பட்டவை. பராமரிப்பவன் அறிந்தவனாயின் இவை காக்கும். அறியாதவனாயின் இவையே கொல்லும்.

2011 டிசெம்பர் 14 ஆந் திகதி மன்ஹற்றனின் மடிசன் அவெனியூவிலுள்ள அலுவலகக் கட்டடமொன்றில் ஒரு பெண் காலையிற் பணிக்குச் செல்லும் பொருட்டு உயர்த்தியுள் அடியெடுத்து வைத்தார். கதவு திறந்தபடியே கூண்டு மேலெழுந்தது. அவர் இறந்தார், உள்ளே நின்ற இருவர் அதனைக் கண்ணாற் கண்டனர். நகர அரசின் விசாரணை 2012 இல் வெளிப்படுத்திய காரணம் மிகச் சிறிது: ஒரு துண்டுக் கம்பி. பழுதுபார்த்த தொழிலாளர், தொழிலில் ‘ஜம்பர்’ எனப்படும் அக்கம்பியால் கதவுப் பூட்டுச் சுற்றினைக் கடந்து மின்னோட்டத்தைச் செலுத்தினர். வேலைக்கிடையில் அவ்வாறு செய்வது வழக்கமே. அதனை அகற்றாது உயர்த்தியைப் பொதுப் பாவனைக்கு விட்டதே குற்றம். மேலும், வேலை முடிந்தபின் கட்டடத் திணைக்களத்தின் பரிசோதகரை அழைத்து, அவர் பார்வையிட்ட பின்னரே இயக்கவேண்டும் என்பது விதி. அவ்வழைப்பு விடுக்கப்படவில்லை.

இவ்விடத்து எழும் வினா ஒன்றுண்டு. விதி இருந்தது, உத்தரவு முறை இருந்தது, பரிசோதகரும் இருந்தனர். இல்லாதது யாது? அக்கம்பியைச் செருகிய கைக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அக்காலத்து நியூயோர்க்கில் உயர்த்திக் கம்பனியின் பணிப்பாளர் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். பரிசோதகரும் பெற்றிருத்தல் வேண்டும். ஆனால் குழியில் இறங்கிப் பிறேக்கைத் திருத்துபவருக்கோ சுற்றினை இணைப்பவருக்கோ அவ்வகை நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. அதே மாநிலத்தில் தலைமயிர் வெட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நகத்துக்குச் சாயம் பூசுவதற்கும் வேண்டும். நாற்பது மாடி உயரத்தில் மனிதரைத் தாங்கும் இயந்திரத்தைத் தொடுவதற்கு வேண்டியதில்லை. இம்முரண்பாட்டை எந்த நியாயத்தாலும் மறைத்தல் இயலாது.

பெயர்ப்பலகைக்கு அனுமதி வழங்கிவிட்டுக் கைக்கு வழங்காது விடுவதன் விளைவு என்ன? பொறுப்பு மேசையிலே தங்குகின்றது. வேலை குழியிலே நடக்கின்றது. பணிப்பாளர் தாம் காணாத வேலைக்குக் கையொப்பமிடுகின்றார். தொழிலாளியோ தாம் செய்த வேலைக்குப் பெயரிடுவதில்லை. விபத்து நேர்ந்தபின் கையொப்பத்தை வைத்துக்கொண்டு கையைத் தேடுவதே விசாரணையின் வேலையாகி விடுகின்றது.

தொழிலாளரைத் தனித்தனியே அனுமதிப்பத்திரம் பெறச் செய்யும் சட்டமூலம் பல ஆண்டுகளாக நியூயோர்க் மாநிலச் சட்டமன்றத்தில் தேங்கிக் கிடந்தது. 2019 ஓகஸ்ட் மாதம் மன்ஹற்றனின் குடியிருப்புக் கட்டடமொன்றில் முப்பது வயது இளைஞர் ஒருவர் கூண்டிலிருந்து வெளியேறும் வேளையில் அது கீழிறங்கியமையால் நசுங்கி இறந்தார். 2020 ஜனவரி முதலாந் திகதியே ஆளுநர் சட்டத்தில் ஒப்பமிட்டார். அது நடைமுறைக்கு வந்ததோ 2022 இல். தொழில் அனுபவமும் தேர்வும், அல்லது அங்கீகாரம் பெற்ற பயிலுநர் பயிற்சியும், இன்று அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாக உள்ளன. ஓட்டிஸ் கயிற்றை வெட்டிக் காட்டிய நகரில், அக்கயிற்றைப் பராமரிப்பவரின் தகைமையைச் சட்டம் கேட்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இச்சட்டத்தை எதிர்த்தோர் கூறும் வாதம் ஒதுக்கத்தக்கதன்று. தொழில் அனுமதிப்பத்திரம் என்பது உள்ளே இருப்போர் வெளியே நிற்போரைத் தடுக்க எழுப்பும் வேலியே என்பர். பொருளியலாளர் மில்ரன் பிறீட்மன் 1962 இல் வெளியிட்ட நூலில், வைத்தியருக்கான அனுமதிப்பத்திரத்தைக்கூட இக்காரணத்தால் எதிர்த்தார். கூலி உயரும், சிறு கம்பனிகள் அழியும், வாடகை கூடும் என்பது அவ்வாதத்தின் தொடர்ச்சி. தேர்வைக் கடினமாக்கி ஆட்களைக் குறைப்பதற்கு அனுமதிப்பத்திரம் பயன்பட்ட தொழில்கள் உள என்பது உண்மையே.

ஆனால் இவ்வாதம் ஒன்றை எடுகோளாகக் கொள்கின்றது: வாங்குபவனும் ஆபத்துக்கு உள்ளாபவனும் ஒருவனே என்பது. மயிர் வெட்டுவோன் திறமையற்றவனாயின் அதனை அனுபவிப்பவன் மறுமுறை வேறு கடைக்குச் செல்வான். உயர்த்தியின் நிலை அத்தகையதன்று. பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கட்டட உரிமையாளன் செய்கின்றான். செலவைக் குறைப்பது அவனுக்கு இலாபம். கூண்டில் ஏறுபவன் வாடகைக் குடியிருப்பாளன், கூலிப்பணியாளன், நோயாளி, குழந்தை. அவனுக்கு ஒப்பந்தகாரரைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லை. காப்புறுதி நட்டஈடு தரும் என்பாரும் உளர். காப்புறுதி இறந்தவரின் குடும்பத்துக்குக் காசு கொடுக்கும். கதவுப் பூட்டைச் சோதித்துப் பார்க்காது. ஆகவே வேலி என்னும் குறைபாட்டுக்கு மருந்து அனுமதிப்பத்திரத்தை ஒழிப்பதன்று. பயிற்சிக்கும் தேர்வுக்கும் உரிய வாயிலைச் சங்கத்தவர், சங்கத்தில் இல்லாதவர், குடிபெயர்ந்து வந்தவர் அனைவருக்கும் திறந்துவைப்பதே.

இவ்விடயத்தில் தொழிலாளி குற்றவாளிக் கூண்டில் மட்டும் நிறுத்தப்படவேண்டியவன் அல்லன். ஐக்கிய அமெரிக்காவில் மின்னுயர்த்திகளாலும் நகரும் படிகளாலும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 30 பேர் இறப்பதாகத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் கணித்துள்ளனர். அவர்களுள் ஏறக்குறைய அரைப்பங்கினர் உயர்த்தியிலோ அதன் அருகிலோ வேலை செய்தவர்கள். பயிற்சியின்றிக் குழிக்குள் அனுப்பப்படுபவன் பயணிக்கு முன்னர் தானே சாகின்றான். தனக்கென அனுமதிப்பத்திரம் உடைய தொழிலாளி, ‘பரிசோதகர் வரும்வரை இயக்கமாட்டேன்’ என முதலாளியிடம் கூறுவதற்கு ஓர் ஆதாரம் உடையவன். அஃதில்லாதவன் வேலையை இழப்பதா, கம்பியைச் செருகி விடுவதா என்னும் இரண்டிலொன்றையே தெரியவேண்டியவனாகின்றான். அனுமதிப்பத்திரம் தொழிலாளியின் கழுத்திற் கட்டிய கயிறன்று. அவன் கையிற் கொடுத்த ஆயுதம்.

பரிசோதனை முறையிலும் ஓட்டையுண்டு. நியூயோர்க்கில் ஆண்டுச் சோதனையை ஒரு கம்பனி நடத்த, அதனோடு தொடர்பற்ற மற்றொரு கம்பனி சாட்சியாக நிற்றல் வேண்டும். இது நல்ல ஏற்பாடே. ஆயினும் சோதிப்பவருக்கும் சாட்சிக்கும் ஊதியம் கொடுப்பவன் கட்டட உரிமையாளனே. குறை கண்டு எழுதும் சாட்சி அடுத்த ஆண்டு அழைக்கப்படுவானா என்னும் ஐயம் இயல்பாக எழும். சாட்சியை அரசு நியமித்து, கட்டணத்தை உரிமையாளனிடம் அறவிட்டால் அவ்வையத்துக்கு இடமிராது.

புதியனவற்றை மட்டும் கட்டுப்படுத்திப் பழையனவற்றைத் தப்பவிடும் விதி மற்றொரு குறை. 2006 ஜூன் 3 ஆந் திகதி டோக்கியோவின் பொதுக் குடியிருப்பொன்றில் பதினாறு வயது மாணவன் துவிச்சக்கரவண்டியுடன் கூண்டிலிருந்து வெளியேறுகையில், கதவு திறந்தபடியே அது மேலெழுந்தமையால் உயிரிழந்தான். 2009 முதல் யப்பான் இரட்டை பிறேக் அடங்கிய பாதுகாப்பு அமைப்பைப் புதிய உயர்த்திகளுக்குக் கட்டாயமாக்கிற்று. ஏற்கெனவே இயங்கியவை விடப்பட்டன. 2012 இல் கனசவா நகர விடுதியொன்றில் துப்புரவுப் பணியாளரான பெண்ணொருவர், அதே நிறுவனம் தயாரித்த பழைய உயர்த்தியில், அதே விதமாக இறந்தார். முதற் சாவு பாடமாகலாம். இரண்டாம் சாவுக்குச் சட்டமே பொறுப்பு. நியூயோர்க் இவ்விடயத்திற் சற்று மேலானது. கதவுச் சுற்றினைக் கண்காணிக்கும் கருவியைப் பழைய உயர்த்திகளிலும் 2020 ஜனவரிக்குள் பொருத்துமாறும், ஒற்றைத் தண்டு பிறேக்குகளை 2027 ஜனவரிக்குள் மாற்றுமாறும் அது விதித்தது. ஆனால் அறியப்பட்ட அபாயத்துக்கு இத்துணை நீண்ட தவணை கொடுப்பது உரிமையாளனின் பணப்பைக்குக் காட்டும் இரக்கமேயன்றி வேறன்று.

சட்டத்தின் கடமை மூன்றாகச் சுருங்கும். கம்பனிக்கு மட்டுமன்றி வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பரிசோதகரின் ஊதியம் பரிசோதிக்கப்படுபவனின் தயவில் இருத்தலாகாது. புதிய இயந்திரத்துக்கு அவசியமெனக் கண்ட பாதுகாப்பு பழைய இயந்திரத்தில் ஏறுபவனுக்கும் உரியதாதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் கூண்டின் சுவரில் ஒட்டப்படும் பரிசோதனைச் சான்றிதழ் வெறுங் கடதாசியே. காலையில் பணிக்குப் புறப்பட்டு வாயிலில் ஒரு காலை வைத்த அப்பெண்ணை அக்கடதாசி காக்கவில்லை. அந்தத் துண்டுக் கம்பியை அகற்றும் பொறுப்பைத் தன் பெயரால் ஏற்ற ஒரு கை இருந்திருப்பின் அவர் அன்று தம் பணிக்குச் சென்றிருப்பார்.