ஒரு பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டி

பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. செமஸ்டர் கடைசி, வேற என்ன சாக்கு சொல்ல. இப்ப எழுத உட்கார வைத்ததும் ஆர்வம் இல்லை, கோபம்தான். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

விஷயம் இதுதான்: மேக்கில் விண்டோஸ் ஓட்டுவது. "அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதையாச்சே" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

2024 ஆகஸ்டில் ஈரோட்டிலிருந்து சான் ஹோசேவில் வந்து இறங்கினேன். முதல் வாரமே எம்3 மேக்புக் ஏர் வாங்கியாச்சு. மாணவர் விலை 999 டாலர், வரி தனி. அன்றைய கணக்கில் 84 ஆயிரம் ரூபாயைத் தொடும். எல்லாம் கல்விக்கடன் காசு. "நல்ல பொட்டியாப் பாத்து வாங்கிக்க சாமி, நாலஞ்சு வருசம் உழைக்கோணும்" என்று அப்பா போனில் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் கையில் மேக். ஆப்பிள் தலைமையகம் இருக்கிற குபர்டினோவோ அடுத்த ஊர். அதுவே பெரிய தகுதிச் சான்றிதழ் மாதிரி தெரிஞ்சது. (8 ஜிபி நினைவகம்தான். அதே விலைக்கு 16 ஜிபி என்று ஆனது அக்டோபர் கடைசியில். நம்ம நேரம் அப்படி.)

ரெண்டாவது செமஸ்டரில் ஒரு லேப். கையடக்கமான சர்க்யூட் போர்டு, யூஎஸ்பியில் மாட்டி, நாம எழுதினதை அதுக்குள்ள இறக்கணும். அதுக்கான மென்பொருள் விண்டோஸ் அல்லது லினக்ஸில் மட்டும் ஓடும், அதுவும் இன்டெல் வகைச் சில்லில்தான். சரி, அதுக்கென்ன, மெய்நிகர் இயந்திரம் போட்டுக்கலாம் என்று ஒரு மென்பொருளைச் சோதனைக் காலத்துக்கு இறக்கினேன். பெயர் வேண்டாம், பாவம், அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அரை மணி நேரத்தில் மேக்குக்குள்ள விண்டோஸ் 11 எழுந்து நின்னுச்சு. ரூம்மேட்டைக் கூப்பிட்டுக் காட்டி அலட்டிக்கிட்டேன்.

போர்டை மாட்டினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்.

இதுக்கப்புறம் மூணு ராத்திரி. எடுத்துப் போட்டேன், மறுபடி போட்டேன், பழைய பதிப்பு தேடிப் போட்டேன், இன்னொரு மெய்நிகர் மென்பொருளுக்கு மாறினேன். அதே முக்கோணம். முதல் டெமோவுக்கு வெறுங்கையோட போய் நின்னேன். மதிப்பெண் போச்சு.

ஏன் ஓடலைன்னு நாலாவது நாள்தான் புரிஞ்சுது. ஒரு பஸ்ஸை நினைச்சுக்கோங்க. பயணிகள் எந்த மொழிக்காரராவும் இருக்கலாம், நடுவில் ஒரு துபாஷி இருந்தாப் போதும். புது மேக்குக்குள்ள ஓடுவது ஏஆர்எம் சில்லுக்கான விண்டோஸ். இன்டெல்லுக்காக எழுதின சாதாரண மென்பொருள் எல்லாம் பயணிகள்; அவங்க பேச்சை அந்த விண்டோஸே மொழிபெயர்த்து ஓட்டிடும். ஆனா டிரைவர் அப்படி இல்லை, பேரே டிரைவர் தானே! அவர் உட்காருவது இயங்குதளத்தின் மையத்தில், கெர்னலில். அங்கே துபாஷிக்கு இடம் கிடையாது. இன்டெல்லுக்கு எழுதின டிரைவர் ஏஆர்எம் விண்டோஸில் ஏறவே ஏறாது. அந்தப் போர்டுக்கு ஏஆர்எம் டிரைவரை யாரும் எழுதலை. அவ்வளவுதான் கதை. இதைச் சொல்ல எந்த விளம்பரப் பக்கத்திலும் இடம் இல்லை போல.

சன்னிவேலில் இருபத்தஞ்சு வருஷமாப் பொட்டி தட்டுகிற ஒரு அண்ணா இருக்கார், நம்ம ஊர்ப்பக்கம்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவரிடம் புலம்பினேன். "இது புதுசில்லப்பா, நாங்க பட்டதுதான்" என்று சிரிச்சார். அவர் அப்போ வெச்சிருந்தது பவர்பிசி சில்லு போட்ட ஐபுக். அதில் வர்ச்சுவல் பிசி. 1997இல் இதே பே ஏரியாவில், சான் மட்டேயோவின் கனெக்டிக்ஸ் கொண்டு வந்த சரக்கு. 2003இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிப் போட்டுக்கிச்சு. ஃப்ரைஸ் கடையில் (2021இல் மூடிட்டாங்க) பெட்டியாக வாங்கினாராம். எதுக்குன்னு கேட்டேன். "தமிழ்ல எழுதத்தான். எ-கலப்பை விண்டோஸ்ல மட்டுந்தானே ஓடுச்சு. ஒரு வரி அடிச்சுட்டுக் காபி போட்டுட்டு வந்தா அது திரையில வந்திருக்கும்." பழைய பதிவர்களுக்கு இது நெஞ்சைத் தொடும்னு நினைக்கிறேன் :-) அப்புறம் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் மேக்குடனேயே வர ஆரம்பிச்சதும் அந்தத் தேவை அவருக்குத் தீர்ந்துபோச்சு.

நடுவில் ஒரு பொற்காலமும் இருந்திருக்கு. 2005 ஜூனில் இன்டெல்லுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவிச்சது. 2006 தொடக்கத்தில் இன்டெல் மேக் வந்ததும், அதில் முதலில் எக்ஸ்பியை ஏற்றிக் காட்டுறவங்களுக்குப் பரிசுன்னு ஆர்வலர்களே காசு போட்டாங்க. 13,000 டாலருக்கு மேல சேர்ந்துச்சு. மார்ச்சில் ரெண்டு பேர் ஜெயிச்சாங்க. அடுத்த மாசமே, ஏப்ரலில், ஆப்பிளே பூட் கேம்ப் வெளியிட்டது. ஜூனில் பேரலல்ஸ், 2007 ஆகஸ்டில் விஎம்வேர் ஃப்யூஷன். பூட் கேம்ப்தான் இதில் முக்கியம். அது நகல் இல்லை, நாடகம் இல்லை. பொட்டியை அணைத்துப் போட்டால் அசல் விண்டோஸ் பிசி. எந்த டிரைவரும் ஓடும். இலவசம், விண்டோஸ் உரிமத்துக்கு மட்டும் காசு.

2020 நவம்பரில் எம்1 வந்தது. புது மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. அதோட, ஏஆர்எம் விண்டோஸை இந்த மேக்குகளில் ஓட்ட மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாகச் சம்மதித்ததே 2023 பிப்ரவரியில்தான், அதுவும் பேரலல்ஸ் வழியாக. ரெண்டு வருஷத்துக்கு மேல, கடைக்காரன் சாமான் விற்கிறான், வீட்டுக்காரன் உள்ளே விடலாமான்னு சொல்லலை என்கிற கதை.

என் கருத்தை இங்கதான் சொல்லணும். என் காசில் வாங்கின பொட்டியில் எந்த இயங்குதளம் ஓடணும்னு நான் முடிவு பண்றது, 2006லிருந்து 2020 வரை, சாதாரண விஷயம். பேட்டரி நாள் முழுக்க நிக்குது, விசிறி சத்தமே இல்லைன்னு நாம எல்லாரும் கைதட்டின நேரத்தில் அது சத்தமில்லாம நழுவிப் போயிடுச்சு. இப்ப அதையே துண்டு துண்டா நமக்கே விக்கிறாங்க. மெய்நிகர் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா ஒரு பக்கம் (விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், அதுக்கு ஒரு நன்றி). விண்டோஸ் 11 ப்ரோ 199 டாலர் இன்னொரு பக்கம். இத்தனையும் குடுத்த பிறகும் டிரைவர் விஷயத்தில் கையை விரிப்பாங்க.

வழக்கமா வர்ற பதில்கள் தெரியும். "மேக் வாங்கினதே தப்பு." ஒத்துக்கறேன், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி எவன் சொன்னான்? "லினக்ஸ் போடு." மேக்குக்குள்ள போடுற லினக்ஸும் ஏஆர்எம்தான், ஐயா. "இன்டெல் சில்லையே முழுசா நடிக்க வைக்கிற எமுலேட்டர் இருக்கே." இருக்கு, போட்டும் பார்த்தேன். 8 ஜிபியில் அது நடிக்கிற வேகத்துக்கு, சன்னிவேல் அண்ணாவின் காபி போதாது, சமையலே முடிச்சுட்டு வரலாம்.

நியாயமாப் பேசணும்னா, வேர்டு, எக்செல், ஏதோ ஒரு பழைய கணக்கு மென்பொருள் இதெல்லாம் ஓட்ட இந்த மெய்நிகர் சமாச்சாரம் அருமை. குறை சொல்ல முடியாது. யூஎஸ்பியில் சொந்த டிரைவர் கேட்கிற எதையாவது மாட்டும்போதுதான் வண்டி நிக்கும். அது போர்டா இருக்கலாம், டாங்கிள் பூட்டு போட்ட மென்பொருளா இருக்கலாம், பழைய பிரின்டரா இருக்கலாம்.

அதனால எனக்குக் கோபம் எல்லாம் இந்தத் தகவலை அனுமதிக் கடிதத்தோட ஒரு வரியாக் கூட அனுப்பாதவங்க மேலதான். எத்தனை லட்சம் வங்கியில் இருக்கணும், எந்தத் தடுப்பூசி போடணும்னு பத்துப் பக்கம் அனுப்பத் தெரியுது. "இந்தப் பாடங்களுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லு உள்ள கணினி வேணும்" என்று எழுத ஒன்பது சொல் போதும். ஊரிலிருந்து ரெண்டு சூட்கேஸோட வர்ற பையனுக்கு, பொண்ணுக்கு அந்த ஒரு வரி ஒரு செமஸ்டர் மளிகைச் செலவு. லேபில் கணினி இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. சாயங்காலம் பூட்டிடுவாங்க. பார்ட்டைம் வேலை முடிச்சு நான் வர்றது ராத்திரி ஒன்பதுக்கு.

கடைசியில் என்ன பண்ணினேன்? மில்பிட்டாஸில் ஒருத்தர் பழைய திங்க்பேட் டி480 விற்றார். 2018 மாடல், மூடியில் கீறல், 180 டாலர். லைட் ரெயிலில் போய் வாங்கிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி போர்டை மாட்டினேன், பதினைஞ்சே நிமிஷத்தில் அதில் இருந்த சின்ன விளக்கு மின்னுச்சு.

இப்ப பையில் ரெண்டு பொட்டி. வீடியோ காலில் அப்பா கண்ணில் அது பட்டுடுச்சு. "எதுக்கு சாமி ரெண்டு? ஒண்ணு கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். இல்லைங்கப்பா, ரெண்டும் நல்லாத்தான் ஓடுது என்றேன். மேற்கொண்டு எப்படி விளக்குறதுன்னு தெரியாம, மழை பேஞ்சுதான்னு கேட்டுப் பேச்சை மாத்திட்டேன்.