ரேக் அடுக்கும் கை

"தோத்தவன் அடுக்கணும், ஜெயிச்சவன் பிரேக் பண்ணணும்." அமெரிக்க பார்களில் பூல் ஆடுபவர்களின் பழைய வழக்கம் இது. பார்க்க மரியாதை மாதிரி இருக்கும். வில்லங்கமே இங்கேதான்.

ஒன்பது பந்து ஆட்டத்தில் பந்துகள் ஒட்டி நின்றால், பிரேக்கில் ஓரப் பந்து மூலை பாக்கெட்டைத் தேடிப் போகும். மயிரிழை இடைவெளி விட்டால் போச்சு, அடியின் வேகம் அங்கேயே செத்துவிடும். அடுக்குபவருக்கு இது தெரியாதா என்ன? இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் ஏமாற்று.

சரி, பிரேக் செய்பவரே அடுக்கட்டும் என்றால் அவர் தனக்குச் சாதகமாக அடுக்குவார். 2001 யு.எஸ். ஓப்பன் இறுதிப் போட்டியில் கோரி டூயல் 11-0 என்று ஜெயித்தார். அந்தத் தொடரில் எல்லோரும் பேசியது அவருடைய மெதுவான பிரேக்கைத்தான். அவர் மேல் தப்பில்லை. ஆனால் பந்து நிற்கும் விதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

கணக்கு எழுதுபவரே தணிக்கை செய்யக்கூடாது என்று படிக்கிறோமே, அதேதான். மேஜிக் ரேக் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருந்தால் இடைவெளிச் சண்டை தீரும். இல்லையென்றால், பிரேக் செய்பவர் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும், ஒருமுறை திரும்ப அடுக்கச் சொல்லட்டும். நாலாவது தடவையும் குனிந்தால் அதுவும் ஏமாற்றுதான் சாமி!